பரணில் கிடக்கும் ரேஸ் சைக்கிளின் பிறந்த வருடம் எங்கே ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

புனேயின் கர்வே நகரில் மூன்று மாடிக்கும் சைக்கிள்களே நிறைந்த ஒரு மியூசியம் இருக்கிறது, தெரியுமா? எல்லாம் விக்ரம் பெண்ட்சே தேடித் தேடிச் சேர்த்தவை. அந்தச் சேகரிப்புக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு பி.எஸ்.ஏ. பாராட்ரூப்பர். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்காகச் செய்த மடக்கு சைக்கிள்! காது வைத்த நட்டு இரண்டைத் தளர்த்தினால் வண்டி இரண்டாக மடங்கிவிடும். பெடலில் கட்டை கிடையாது, வெறும் குழாய்தான். மடக்கும்போது அதையும் உள்ளே தள்ளிவிடலாம்.

பி.எஸ்.ஏ. என்பது என்ன? பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். சாட்சாத் துப்பாக்கிக் கம்பெனி! அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கின்றன. அம்பத்தூர் டி.ஐ. ஆலையில் செய்த பி.எஸ்.ஏ.வில் பள்ளிக்கூடம் போனவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்?

அதைவிடப் பெரிய ஆச்சரியம் கிராங்க் அச்சு உட்காரும் மரையில் இருக்கிறது. அங்குலத்துக்கு 24 சுற்று என்ற அந்த அளவை உலகம் முழுக்க மெக்கானிக்குகள் இன்றும் 'பி.எஸ்.ஏ. மரை' என்றுதான் சொல்கிறார்கள். ராலே கம்பெனியோ தன் பழைய வண்டிகள் பலவற்றுக்குத் தனி வழியில் 26 சுற்று வைத்தது. இரண்டே சுற்று வித்தியாசம்! ஆனால் வண்டி தேறுமா தேறாதா என்பதை அதுவே தீர்மானித்துவிடும். 24 என்றால் அச்சைத் தாங்கும் புது கப் கடையில் கிடைக்கும். 26 என்றால் இன்னொரு பழைய ராலேயைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

பழைய சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? பழசு என்பதாலேயே விலை ஏறிவிடாது. லட்சக்கணக்கில் செய்து தள்ளிய வண்டிக்கு வயதானாலும் மவுசு வராது. முதலில் அது எந்த வருடத்து வண்டி என்று பாருங்கள். அதற்கு ஜாதகம் தேவையில்லை! ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் என்றால் அழுக்கைத் துடையுங்கள்: உறை மேலேயே வருடமும் மாதமும் குத்தியிருக்கும். இத்தாலியின் கம்பனோலோ ஹப்பில் அச்சின் லாக் நட்டில் வருடம் இருக்கும். ஹப் பின்னால் மாற்றியதாகவும் இருக்கலாம் என்பதால் ஃபிரேம் நம்பரையும் ஒத்துப் பாருங்கள். கியரே இல்லையா? அதற்காகக் கழித்துவிடாதீர்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரைக்கும் கியர் மாற்றும் டிரெயிலியருக்கு அனுமதி கிடையாது!

அடுத்து சீட் கம்பியை உருவி வெர்னியரால் அளந்து பாருங்கள். இங்கிலாந்து, இத்தாலி ரேஸ் வண்டிகளில் 27.2 மி.மீ. என்றால் நெஞ்சு படபடக்கலாம். பெரும்பாலும் அது மெல்லிய சுவருள்ள உயர்ந்த குழாய். ஸ்டிக்கர் உரிந்துபோன ஒரு ரெனால்ட்ஸ் 531 ஆகக்கூட இருக்கலாம். 1935-ல் வந்த மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த எஃகு அது. அளவு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே தடித்த குழாய், கனத்த வண்டி.

கம்பி உருவ வரவே இல்லையா? இரும்புக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி; நடுவில் புனே மழையின் ஈரம். இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்து, உப்பிப் பிடித்துக்கொண்டுவிடும்! இதுதான் செலவை இழுத்துவிடும் கோளாறு. விலை பேசுமுன் சீட்டை ஒருமுறை அசைத்துப் பார்ப்பது நல்லது.

ஃபிரேம் கோணலா என்று கண்டுபிடிக்க ஒரு நூல் போதும், நம்புவீர்களா? பின்சக்கர அச்சு உட்காரும் வலப்பக்கக் காதில் கட்டி, முன் ஹெட் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கக் காதில் இறுக்குங்கள். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டி நேர். ஹெட் குழாயை ஒட்டிக் கீழ்க்குழாயின் அடியில் விரலை ஓட்டினால் சின்ன மடிப்பு தட்டுப்படுகிறதா? பெயின்ட் வெடித்திருக்கிறதா? எங்கோ மோதிய வண்டி அது. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஃபிரேம் நேராக இருந்தால் ஓவராயில் செய்யுங்கள்: குண்டு, கிரீஸ், கேபிள், டயர். ஆனால் பெயின்டில் கை வைக்காதீர்கள்! புதுப் பூச்சின் தடிப்பில், குழாய்கள் சேரும் லக்கின் ஓரத்து மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். குரோம் ஏற்றுமுன் போடும் பாலீஷில் குத்திய எழுத்துகள் தேய்ந்துவிடும். பளபளவென்று வந்து நிற்கும் வண்டிக்கு, செய்த செலவில் பாதிகூட விலை தேறாமல் போகலாம். குரோம் துருவுக்கு மருந்து அடுப்படியிலேயே இருக்கிறது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும்.

சரி, பெயின்டே விலையை ஏற்றியதுண்டா? உண்டே! ஓவியர் டேமியன் ஹர்ஸ்ட் நிஜ வண்ணத்துப்பூச்சிச் சிறகுகளை ஒட்டிய டிரெக் சைக்கிள் ஒன்று 2009-ல் சோத்பீஸ் ஏலத்தில் 5 லட்சம் டாலருக்குப் போனது. அதை சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அந்த வருட டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் பாரிஸில் ஓட்டியும் இருந்தார். (பாவம், பூச்சிகள்.) ஓட்டியவர் பெயருக்கும் விலை உண்டு. மும்பை - புனே பந்தயத்தில் போர் கணவாய் ஏற்றத்தை முதலில் தாண்டுபவருக்குக் 'கணவாயின் ராஜா' பட்டம் உண்டு. அப்படி ஒருவர் ஓட்டிய வண்டி என்று போட்டோ, சான்றிதழுடன் வந்தால் கணக்கே வேறு. வாய்ச்சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஓட்டத்தான் வாங்குகிறீர்களா? இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் 'லெரோய்கா' நடக்கிறது. 1987-க்கு முந்தைய ரேஸ் சைக்கிள்களுக்கான மண் சாலைச் சவாரி! கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பெடலில் கிளிப்பும் வாரும் வேண்டும், பிரேக் கேபிள் ஹேண்டில்பார் டேப்புக்கு வெளியே தெரிய வேண்டும். ஆகவே புது பிரேக் போடுகிற ஆசையில் பழைய லிவரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!