பணம் புறப்படுமுன் பெயரைப் பாருங்கள்

வெளியூர் விடுதியில் தங்கிப் பயிலும் மகனுக்குப் பணம் அனுப்ப, முன்னாளில் பெற்றோர் அஞ்சலகம் சென்று மணியார்டர் எழுதினர். இன்று கைத்தொலைபேசியே போதும். வேகம் நன்றுதான், பிழையும் அதே வேகத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

தமிழகத்து உறவினர் ஐ.எப்.எஸ்.சி. என்னும் குறியீட்டைக் கூறக் கேட்டிருப்பீர்கள். அது 11 இடங்களைக் கொண்டது. முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், ஐந்தாவதான சுழியம் நீங்கலாக, இறுதி ஆறு இடங்கள் கிளையையும் குறிக்கும். நம் மலேசியாவிலோ உள்நாட்டில் பணம் அனுப்பக் கிளைக் குறியீடு வேண்டுவதில்லை. வங்கியின் பெயரும் கணக்கு எண்ணும் போதும். 2018-இல் வந்த டூயிட்நாவ் முறையில், பெறுபவர் பதிந்து வைத்திருந்தால், அவருடைய கைத்தொலைபேசி எண்ணே போதும்.

அவ்வாறாயின் காவல் எது? திரையில் தோன்றும் பெயரே. எண்ணை இட்டதும், பணம் புறப்படுமுன், கணக்குக்கு உரியவரின் பெயர் காட்டப்படும். நாம் வற்புறுத்துவது இதனைத்தான்: அங்கே சற்று நில்லுங்கள். மூக்குக் கண்ணாடியைத் தேடச் சோம்பற்பட வேண்டா. அருகில் பிள்ளை இருந்தால் வாசிக்கச் சொல்லுங்கள். மகன் பெயருக்குப் பதிலாக வேறொரு பெயர் தோன்றினால் ஓரிலக்கம் மாறியிருக்கக்கூடும். கல்லூரிக் கட்டணம் என்று கேட்டுவிட்டுத் தனியாள் ஒருவரின் கணக்கைக் கொடுத்தால், கல்லூரி அலுவலகத்தை நேரில் விசாரிக்காமல் அனுப்பாதீர்கள்.

தவறான கணக்கிற்குப் பணம் சென்றுவிட்டால் அன்றே உங்கள் வங்கியில் தெரிவியுங்கள். வஞ்சகர் கையில் சிக்கியதென்று அறிந்தால் தாமதியாது 997 என்ற எண்ணை அழையுங்கள். பரிமாற்றச் சீட்டை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள குறிப்பு எண்ணைத்தான் முதலில் கேட்பர்.