பின்னே ஒரு விளக்கு, முன்னே ஒரு விளக்கு

சேலத்திலிருந்து தெற்கே மல்லூர், ஆண்டகளூர்க்கேட், புதுச்சத்திரம் ஆகிய ஊர்களைக் கடந்து நாமக்கல்லை அடையும் பெருஞ்சாலையை அறியாதார் நம் பக்கத்தில் இலர். ஏழாம் எண் சாலை என்று நெடுங்காலம் வழங்கிய இது, 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றி அமைக்கப்பட்டபோது நாற்பத்து நான்காம் எண்ணைப் பெற்றது. இச்சாலையில் இரவு நேரத்தில் செல்வோருக்கு வழி நெடுகத் தென்படுவன செந்நிறப் புள்ளிகளே. லாரிகளும் கார்களும் பேருந்துகளும் தம் முதுகில் ஏந்திச் செல்லும் பின்விளக்குகள் அவை.

நேயர்களே, இப்பின்விளக்கில் ஒரு விந்தை உண்டு. வண்டியை ஓட்டுகின்றவன் அதனைக் காண்பதே இல்லை. பின்னால் வரும் முன்பின் அறியாத ஒருவனுக்காகவே அஃது எரிகின்றது. இதற்கு நேர்மாறானது, ஓட்டுநரின் கண்ணெதிரே மீட்டர் பலகையில் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு. அதனை ஓட்டுநர் ஒருவரே காண்பார். ஒன்று ஊராருக்கு, மற்றொன்று உடையவருக்கு. தனித்தனியே வாழ்ந்துவந்த இவ்விரு விளக்குகளையும் இக்காலக் கார்களில் மின்னணுக் கருவிகள் ஒன்றாகப் பிணைத்துவிட்டன. பின்விளக்கை மாற்றப் போனால் முன்னே எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. அது ஏன் எரிகின்றது என்று அறியாமல் அதன் வாயை அடைத்துவிடுவதே பெருவழக்காகிவிட்டது. இதுபற்றிச் சிறிது விரிவாகவே பேச விரும்புகின்றேன்.

முதலில் பின்விளக்கின் இயல்பைக் காண்போம். காரின் பின்புறத்துச் சிவப்புக் கண்ணாடிக்குள் பெரும்பாலும் ஒரே பல்பு இருக்கும். அதனுள் இரண்டு மின்னிழைகள் உண்டு. ஒன்று 5 வாட், மற்றொன்று 21 வாட். இரவில் விளக்கைப் போட்டவுடன் எரிவது சிறிய இழை. பிரேக்கை மிதிக்கும்போது எரிவது பெரிய இழை. 21 வாட் என்பது 5 வாட்டைப்போல் நான்கு மடங்குதானே என்று எண்ணலாம். ஒளியை அளக்கும் கணக்கு வேறு. சிறிய இழை ஏறத்தாழ 35 லூமன் ஒளியைத் தர, பெரிய இழை 440 லூமன் தருகின்றது. பன்னிரண்டு மடங்குக்கும் மேலான இவ்வேறுபாடுதான் பின்னால் வருகின்றவருக்கு நாம் அனுப்பும் செய்தி. மங்கலாக எரிந்தால் "நான் இங்கே செல்கின்றேன்" என்று பொருள். பளீரென்று எரிந்தால் "நான் வேகம் குறைக்கின்றேன், நீயும் குறை" என்று பொருள். பின்விளக்கை மேம்படுத்த விரும்புகின்ற எவரும் இந்த வேறுபாட்டைக் கெடுக்காமல் காத்தல் வேண்டும்.

இப்பொழுது எங்கும் பேசப்படுவது எல்.இ.டி. விளக்கு. அதற்குரிய சிறப்பை மறுப்பதற்கில்லை. இழை பல்பு மின்சாரம் பெற்றவுடன் ஒளிர்வதில்லை. இழை காய்ந்து வெண்சூடாக வேண்டும். எல்.இ.டி.க்கு அக்காத்திருப்பு இல்லை. ஆதலின் இழை பல்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி முந்திக்கொண்டு அது ஒளிர்கின்றது. ஐந்தில் ஒரு வினாடி என்ன பெரிது என்பீர்களாயின், கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கின்றது. ஐந்தில் ஒரு பங்குக்கு நான்கு மீட்டருக்கு மேல் ஆகின்றது. அஃது ஒரு சிறிய காரின் நீளம். முட்டுவதற்கும் முட்டாமல் நிற்பதற்கும் இடையே உள்ள தொலைவு பலவேளைகளில் இவ்வளவுதான். அன்றியும், கரடுமுரடான சாலையில் அதிர்ந்து அதிர்ந்து இழை அறுந்துபோகும் தொல்லையும் எல்.இ.டி.யில் இல்லை. லாரிக்காரர்கள் அதனை விரும்புவதற்கு முதற்காரணம் இதுவே.

ஆயினும், கடையில் விற்கும் எல்.இ.டி. பல்பை வாங்கிப் பழைய குழியில் செருகிவிட்டால் வேலை முடிந்துவிடுமோ? முடியாது. பின்விளக்கின் உட்புறத்தில் வெள்ளி பூசினாற்போல் இருக்கும் குழியாடி, இழை எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்தைக் கணக்கிட்டு வடிக்கப்பட்டது. எல்.இ.டி.யின் ஒளி பிறக்கும் இடம் வேறு. எனவே ஒளி ஓரிடத்தில் குவிந்தும் மற்றோரிடத்தில் இருண்டும் போகின்றது. நேர் பின்னே நின்று பார்த்தால் கண் கூசும், சற்றே விலகி நின்றால் ஒன்றும் தெரியாது. இன்னொரு பிழையும் நாள்தோறும் நிகழ்கின்றது. சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி.யைப் போடுகின்றார்கள். வெள்ளை எல்.இ.டி.யின் ஒளியில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்போ குறைவு. சிவப்புக் கண்ணாடி சிவப்பை மட்டுமே வெளியே விடும், ஏனையவற்றை விழுங்கிவிடும். கண்ணாடி சிவப்பாயின் உள்ளே வைப்பதும் சிவப்பு எல்.இ.டி.யாகவே இருத்தல் வேண்டும். விலை மலிந்த சில பல்புகளிலோ மங்கல் ஒளிக்கும் பிரேக் ஒளிக்கும் வேறுபாடே தெரிவதில்லை. முன்னர்க் கூறிய செய்தி அங்கே அழிந்துபோகின்றது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் நாமக்கல்லில் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கின்றார். அங்கே ஒருநாள் புதுக்காரோடு வந்த இளைஞர், பின்விளக்கின்மேல் கறுப்புத்தாள் ஒட்டித் தரும்படி கேட்டார். "பார்க்க எடுப்பாக இருக்கும் அண்ணா" என்றார். பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, "தம்பி, எடுப்பாக இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது" என்றார். நான் வகுப்பில் ஒரு மணி நேரம் சொல்லக்கூடியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். சட்டமும் அவர் பக்கமே நிற்கின்றது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பின்விளக்கின் செந்நிற ஒளி 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிதல் வேண்டும் என்கின்றன. வண்டியைச் செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாகத் திருத்தம் செய்தலை 1988ஆம் ஆண்டின் சட்டத்தில் 52ஆம் பிரிவு தடுக்கின்றது.

நிற்க. பல்பை மாற்றியதும் முன்னே எச்சரிக்கை விளக்கு எரிவது ஏன்? பள்ளிக்கூடத்தில் காலையில் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இக்காலக் கார் பலவற்றில் உள்ள கணிப்பொறி, ஒவ்வொரு விளக்கின் பெயரையும் கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்ற விடையை எதிர்பார்க்கின்றது. அவ்விடை மின்னோட்டத்தின் அளவாகும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. அதில் மிகச் சிறு பங்கையே இழுக்கும். அவ்வளவு மெல்லிய குரல் கணிப்பொறியின் காதில் விழுவதில்லை. பல்பு அறுந்துவிட்டது என்று முடிவு செய்து எச்சரிக்கை விளக்கை ஏற்றிவிடுகின்றது. திசைகாட்டும் இண்டிகேட்டர் விளக்கில் எல்.இ.டி. போட்டால் அது படபடவென்று விரைந்து சிமிட்டுவதும் இக்காரணத்தாலேதான்.

இதற்குக் கடைகளில் கிடைக்கும் மருந்து ஒன்று உண்டு. பொன்னிறத் தகடு போர்த்திய சிறு மின்தடை அது. பெரும்பாலும் 6 ஓம் அளவினது. அதனை விளக்கோடு இணையாகச் சேர்த்துவிட்டால் 2 ஆம்பியர் ஓடும், எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். ஆனால் அங்கே 24 வாட் மின்சாரம் வீணே வெப்பமாக மாறுகின்றது. தொட்டால் கை சுடும். பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டினால் பிளாஸ்டிக் உருகும், இரும்புத் தகட்டில்தான் முடுக்க வேண்டும். எல்.இ.டி.யால் மிச்சப்படுத்திய மின்சாரம் முழுவதும் இங்கே போய்விடுகின்றது என்பதையும் கவனியுங்கள். இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறு. நாளை அந்த எல்.இ.டி. உண்மையாகவே கெட்டுப்போனால் என்ன ஆகும்? கணிப்பொறி பெயரைக் கூப்பிடும், மின்தடை "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்லும். வராத மாணவனுக்காகப் பக்கத்து இருக்கைக்காரன் குரல் கொடுக்கும் கதைதான். பின்விளக்கு இல்லாமலே கார் இரவெல்லாம் ஓடும், ஓட்டுகின்றவருக்குத் தெரியாது. ஆகவே, மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள், அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட முழு விளக்குத் தொகுதியை மாற்றுவதே முறை. செலவு கூடும். கூடினாலும் நான் அதனையே சொல்வேன்.

எல்.இ.டி. மீது பழி போடுமுன் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகின்றதா? மங்கல் விளக்கைப் போட்டால் பிரேக் விளக்குச் சோர்கின்றதா? பல்பில் குற்றம் இல்லை. "எர்த்" என்று பட்டறைகளில் சொல்லப்படும் தரைக்கம்பி துருப்பிடித்திருக்கும். திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் அடுத்த இழையின் வழியே புகுந்து வெளியேறப் பார்க்கின்றது. துருவைச் சுரண்டித் திருகாணியை முடுக்கினால் புது விளக்கு வாங்கும் தேவையே பலருக்கு இராது.

இனி மீட்டர் பலகைக்கு வருவோம். அங்கு எரியும் நிறங்களுக்கு ஒரு பொது முறை உண்டு. பச்சையும் நீலமும் செய்தி மட்டுமே. மஞ்சள், விரைவில் பார்க்க வேண்டிய குறை. சிவப்பு, வண்டியை ஓரங்கட்ட வேண்டிய குறை. எண்ணெய்க் குப்பி வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால், "அடுத்த பெட்ரோல் பங்கு வரை போய்விடலாம்" என்று எண்ணுதல் கூடாது. அது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. அழுத்தம் இல்லாமல் ஓடும் எஞ்சின் சிறிது நேரத்தில் பிடித்துக்கொள்ளும். உடனே நிறுத்துக. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பட்டறைக்குப் போகலாம். அது சிமிட்டினாலோ, எரியாத எரிபொருள் புகைப்போக்கிக்குள் சென்று அங்குள்ள நச்சுநீக்கியைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கின்றது என்று பொருள்.

பழைய வண்டிகளின் பாட்டரி விளக்கைப்பற்றி ஒரு சொல். அவ்விளக்கின் ஒரு முனை பாட்டரியோடும் மறுமுனை மின்னாக்கியோடும் இணைந்திருக்கும். இரு பக்கமும் அழுத்தம் சமமாயின் மின்சாரம் ஓடாது, விளக்கு எரியாது. மின்னாக்கி நின்றுபோனால் ஒரு பக்கம் தாழும், விளக்கு எரியும். தராசைப் போன்ற இவ்வெளிய அமைப்பை நான் பலமுறை வியந்ததுண்டு. அச்சிறு பல்பின் வழியே செல்லும் மின்சாரம்தான் பலவகை மின்னாக்கிகளைத் தூண்டிவிடவும் செய்கின்றது. எரிச்சலூட்டுகின்றது என்று பல்பைக் கழற்றி எறிந்தால் பாட்டரி ஏறாமலே போகக்கூடும்.

கழற்றி எறிதல் என்றதும் பழைய கார் வாங்குவோர் நினைவுக்கு வருகின்றனர். எச்சரிக்கை விளக்கின்மேல் கறுப்புநாடா ஒட்டியும், காற்றுப்பை விளக்கின் கம்பியை வேறொரு விளக்கோடு பிணைத்தும் விற்றுவிடுவோர் உளர். இதனைக் கண்டுபிடிக்கப் பெரும்புலமை வேண்டாம். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பலகையைப் பாருங்கள். எண்ணெய், பாட்டரி, ஏ.பி.எஸ்., காற்றுப்பை, எஞ்சின் ஆகிய விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து காட்டுதல் வேண்டும். பிறகு ஒவ்வொன்றாய் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்குத்தான் ஐயத்துக்கு உரியது.

மேம்பாடு என்பது ஒளியைக் கூட்டுவது மட்டுமே என்று எண்ணுவோர்க்கு ஓர் அமெரிக்கச் செய்தி. ஜான் வோவோட்ஸ்கி என்னும் உளவியலறிஞர் 1974ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து வாடகைக் கார்களின் பின்புறத்தில் நடுவே கூடுதலாக ஒரு பிரேக் விளக்கை வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தன. 1986ஆம் ஆண்டு மாதிரி முதல் அந்நாட்டுக் கார்களுக்கு அவ்விளக்குக் கட்டாயமாயிற்று. அரசுத் துறை 1998இல் வெளியிட்ட ஆய்வோ, நிலைத்து நின்ற பயன் 4.3 விழுக்காடு என்றது. எல்லாக் கார்களிலும் வந்ததும் கண்ணுக்குப் பழகிப்போயிற்று என்பது ஒரு காரணமாகலாம். ஆயினும் மலிவான ஒரு விளக்குக்கு அவ்வளவு பயனும் பெரிதே. நம் கார்களில் பின்கண்ணாடியின் மேற்புறத்தில் எரிவது அவ்விளக்கே. அதனைப் படம் ஒட்டியும் பொருள்களை அடுக்கியும் மறைப்போரைப் பற்றி நான் என்ன சொல்ல!

லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லில் இதனைப் பேசாமல் விடுதல் முறையாகாது. லாரியின் மின்சாரம் 24 வோல்ட். காருக்குரிய 12 வோல்ட் பல்பு அங்கே உடனே கருகும். பின்புறத்தில் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறத்தில் வெள்ளை என ஒட்டப்படும் ஒளிதிருப்பும் நாடாவுக்கு மின்சாரமே வேண்டாம். சேறு படிந்தால் மட்டும் அது குருடாகும். பாட்டரி இறங்கிய லாரி இருளில் நிற்கும்போது அந்நாடா ஒன்றே அதன் நாக்கு. மோகனூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு செல்லும் பருவத்தில், டிராக்டர் வண்டிக்கு வெளியே நீளும் கரும்பு பின்விளக்கை முழுக்க மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விளக்கு இருந்தும் இல்லாததே. கரும்புக் கட்டின் கடைசியிலேயே சிவப்பு ஒளிதிருப்பி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுதல் எளிது. நின்றுபோன வண்டிக்குப் பின்னே கல் வைப்பதும், மரக்கிளை ஒடித்துப் போடுவதும் நம் பழக்கம். வண்டி போனபின் அக்கல் சாலையிலேயே கிடந்து அடுத்து வருகின்றவரைக் கவிழ்க்கின்றது. சிவப்பு முக்கோணப் பலகையை வைத்துத் திரும்ப எடுத்துச் செல்லுதலே தக்கது.

பின்விளக்கைச் சோதிக்கத் துணைக்கு ஆள் இல்லையே என்பார்க்கு ஒரு வழி. பொழுது சாய்ந்தபின் வெள்ளையடித்த சுவர் ஒன்றுக்கு முன்னே காரைப் பின்னோக்கி நிறுத்துங்கள். விளக்கைப் போட்டு, நடுக்கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். இரண்டு மங்கல் சிவப்பு தெரியும். பிரேக்கை மிதியுங்கள், இரண்டும் பளீரென்று ஏற வேண்டும், மேலே மூன்றாவதும் சேர வேண்டும். இண்டிகேட்டரை ஒவ்வொரு பக்கமாகப் போட்டு, சிவப்பு அசையாமல் நிற்கின்றதா என்று பாருங்கள். எண் பலகையின்மேல் விழும் வெள்ளை விளக்கையும் மறவாதீர்கள். அதனை மட்டும் காரைவிட்டு இறங்கிச் சென்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.