புதுச்சேரி போறீங்களா? பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயும் கொஞ்சம் நடங்க!

தியாகதுருகத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு அந்த மலை பழகிப்போன ஒன்று. சேலத்தில் இருந்து ஆத்தூர் வழியாகக் கீழே இறங்கும் பாதையைக் காவல் காத்த கோட்டை அது. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் மாறி, ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் செல்ஃபி எடுக்கக் கிளம்புகிறவர்கள், இந்த மலைக்கும் புதுச்சேரிக்கும் உள்ள பழைய கணக்கைத் தெரிந்துகொண்டு போனால் சுவாரஸ்யம் கூடும்.

1760-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை நெருக்கியபோது, பிரெஞ்சுத் தளபதி லாலி மைசூரின் ஹைதர் அலியிடம் உதவி கேட்டார். குதிரைப்படையும் உணவுப் பொருள்களும் வேண்டும். பதிலுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று, தியாகதுருகம் கோட்டை. உதவி வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. சில வாரங்களில் தியாகதுருகமும் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

பிடித்த ஊரை ஆங்கிலேயர் விட்டுவைக்கவில்லை, இடித்துத் தள்ளினார்கள். அதனால் இன்று கடற்கரைப் பக்கம் மஞ்சளும் வெள்ளையுமாக நிற்கும் பிரெஞ்சு வீடுகள் அதற்குப் பிறகு எழுந்தவை. வீதிகளின் நேர்கோட்டு அமைப்பு மட்டும் அதற்கும் பழையது. பிரெஞ்சுக்காரர்களுக்கு நடுவே 1693 முதல் சில ஆண்டுகள் ஊரை வைத்திருந்த டச்சுக்காரர்கள் போட்ட திட்டம் என்கிறார்கள். நடப்பவர்களுக்கு இது பெரிய வசதி. வழி தவறினாலும் அடுத்த முக்கில் சரியாகிவிடும்.

கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் குழந்தைகளோடு நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்களைப் பலரும் கவனிப்பதில்லை. அவை செஞ்சியில் இருந்து கொண்டுவரப்பட்டவை. அருகில் 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அதே சாலையில்தான் மேரி கட்டடம். 19-ம் நூற்றாண்டின் அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021-ல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது புதுக் கட்டடம்.

பெரும்பாலானோர் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அசல் நடை, பெரிய வாய்க்காலைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பம்.

வாய்க்காலுக்கு மேற்கே இருப்பது தமிழர் பகுதி. இங்கே வீடுகள் மதில் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை. தெருவை ஒட்டித் திண்ணை, அதற்கும் முன்னால் மரத்தூண்கள் தாங்கும் சாய்ந்த கூரையோடு தாழ்வாரம். வழிப்போக்கர் நிழலில் நடந்து போகட்டும் என்று வீட்டுக்காரர் விட்ட இடம் அது! நிமிர்ந்து பார்த்தால் பல வீடுகளில் கீழ்த்தளம் தமிழ், மாடி பிரெஞ்சு. கீழே மரத்தூண், மேலே வளைவு ஜன்னல். பெரிய மார்க்கெட் பக்கம், ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இதற்கு நல்ல உதாரணம். பிரெஞ்சு கவர்னர் டியூப்ளேயின் துபாஷி அவர். 1736-ல் தொடங்கி ஏறக்குறைய 25 வருடங்கள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அரசியலும் உண்டு, வியாபாரக் கணக்கும் உண்டு. ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில்தான் அவரும் காலமானார்.

அங்கிருந்து கால்போன போக்கில் நடந்தால், 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் நினைவில்லம் ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் வரும். பெருமாள் கோயில் வீதியில் 95-ம் எண் வீடு பாரதிதாசனுடையது.

வைசியாள் வீதியைத் தவறவிடக் கூடாது. இன்டாக் அமைப்பின் முயற்சியில் இங்கே வீட்டு முகப்புகளை வரிசையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் கதை வேறு. பாகப் பிரிவினை, பராமரிப்புச் செலவு, ஏறும் நில மதிப்பு, கார் நிறுத்த இடம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. திண்ணை போய் ஷட்டர் வருகிறது. அதில் குடியிருப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒழுகும் ஓட்டுக்குக் கீழே படுப்பவர்கள் அவர்கள்தான்.

காலை 7 மணிக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள், வெயில் ஏறினால் கடற்கரைப் பக்கம் நிழல் கிடைக்காது. அருங்காட்சியகம் பார்க்கும் எண்ணமிருந்தால் திங்கட்கிழமை வேண்டாம். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். “உள்ளே வந்து முற்றத்தையும் பாருங்க” என்று அழைப்பு வந்தாலும் வரலாம்.