வெளியே ஒரே போர்டு... உள்ளே நான்கு தொழில்! வங்கியில் உங்கள் பணம் எங்கே இருக்கிறது?

நாமக்கல்லில் லாரி வாங்கக் கடன், கோழிப் பண்ணைக்கு ஷெட் போடக் கடன், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்குக் கடன். பாஸ்புக்கில் என்ட்ரி போடும் அதே வங்கிக் கட்டடத்தில்தான் இவையெல்லாம் கிடைக்கின்றன. இன்ஷூரன்ஸும் மியூச்சுவல் ஃபண்டும்கூட அங்கேயே விற்கிறார்கள்.

போர்டு ஒன்றுதான். உள்ளே நடப்பதோ தனித்தனித் தொழில்கள். நம் பணம் எதில் போய்ச் சேருகிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால், பிறகு நஷ்டம் நமக்குத்தான்.

நாட்டின் மிகப்பெரிய வங்கியான ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். 1843-ல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் உட்பட மூன்று மாகாண வங்கிகள் 1921-ல் இம்பீரியல் வங்கியாக இணைந்தன. அதுவே 1955 ஜூலை 1-ம் தேதி ஸ்டேட் பேங்க் ஆனது. இன்று அதன் வியாபாரத்தை நான்கு பெரிய பிரிவுகளாகப் புரிந்துகொள்ளலாம்.

1. சில்லறை வங்கிப் பிரிவு

சேமிப்புக் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், வீட்டுக்கடன், நகைக்கடன் என நமக்குப் பழக்கமான எல்லாமே இதில்தான். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவிகிதத்தை முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். அதில் விவசாயத்துக்கு மட்டும் 18 சதவிகிதம். கோழி வளர்ப்பும் விவசாயம் சார்ந்த தொழில் என்பதால், நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இந்த விதி முக்கியம்.

2. பெருநிறுவனப் பிரிவு

ஆலைகள், மின் திட்டங்கள், நெடுஞ்சாலைகளுக்கான பெரிய கடன்கள் இங்கே. லாபமும் பெரிது, கடன் திரும்பாவிட்டால் அடியும் பெரிது.

3. கருவூலம்

நாம் போடும் பணம் முழுவதையும் வங்கி கடனாகக் கொடுத்துவிட முடியாது. திரட்டும் பணத்தில் 18 சதவிகிதத்தை அரசுப் பத்திரம், தங்கம் போன்றவற்றில் வைத்திருக்க வேண்டும். அதைக் கவனிப்பதும், டாலர் வாங்கி விற்பதும் இந்தப் பிரிவு. வளைகுடாவுக்கு முட்டை அனுப்புபவருக்கு வரும் டாலர் ரூபாயாக மாறுவதன் பின்னால் இவர்கள்தான் இருக்கிறார்கள்.

4. இன்ஷூரன்ஸ், முதலீடு

எஸ்.பி.ஐ. லைஃப், எஸ்.பி.ஐ. மியூச்சுவல் ஃபண்ட் போன்றவை தனி நிறுவனங்கள். விற்பனை மட்டும் வங்கிக் கிளையில் நடக்கிறது.

பக்கத்து ஊர் பாடம்

இந்தப் பிரிவுகள் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. பின்னாளில் பெருநிறுவனக் கடன்களில் அதிகம் இறங்கியது, வாராக்கடன் குவிந்தது. 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற கட்டுப்பாடு வந்தது. பத்தே நாளில் அந்த வங்கி டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை. ஒரே வங்கிதான், பணம் எந்த வடிவத்தில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

கவுன்ட்டரில் கேளுங்கள்

* “இது டெபாசிட்டா, பாலிசியா, ஃபண்டா?” வங்கி மூழ்கினால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அது டெபாசிட்டுக்கு மட்டும்தான்.
* ஒரே வங்கியின் பல கிளைகளில் பிரித்துப் போட்டாலும், உங்கள் பெயரில் உள்ளவை எல்லாம் சேர்த்து அதே 5 லட்சம்தான்.
* தெரியாமல் பாலிசி எடுத்துவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் ரத்து செய்யலாம்.
* வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளாகியும் தீர்வு இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணை அழைத்து அடுத்து என்ன செய்யலாம் என்று விசாரிக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் ஓய்வூதியப் பணத்தோடு வங்கிக்குக் கிளம்பினால், முதல் கேள்வியை மட்டுமாவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.