லோயர் ஆர்ம் மாற்றிய பின் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா?

சுங்குவார்சத்திரம் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில்தான் நம் குடும்பங்களும் பயணம் செய்கின்றன. மழைநீர் மூடிய பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் அடிபடும். மெக்கானிக் மாற்றித் தருவார். வீல் அலைன்மென்டும் பார்த்துவிடுவோம்.

நாம் கவனிக்காமல் விடுவது ஒரு மெல்லிய ஒயரை. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சி வேகத்தையும் ஒரு சென்சார் ஏபிஎஸ்ஸுக்குச் சொல்கிறது. அதன் ஒயர் பல கார்களில் ஷாக் அப்சார்பரோடு கிளிப் போடப்பட்டிருக்கும். கிளிப்பைக் கழற்றாமல் இழுத்தால் உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியாது. வீல் பேரிங்கிலும் இதே கவனம் வேண்டும். சிலவற்றில் ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும்; திருப்பிப் பொருத்தினால் சென்சார் வேலை செய்யாது.

அப்போதுதான் மஞ்சள் விளக்கு எரிகிறது. சாதாரண பிரேக் பிடிக்கும், "அதான் பிடிக்குதே" என்று ஓட்டுகிறோம். ஆனால் ஈரச் சாலையில் பதறி மிதித்தால் சக்கரம் இறுகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே சறுக்கும். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே கூடாது.

பழைய கார் வாங்குவோர் சாவியைத் திருப்பிப் பாருங்கள்: ஏபிஎஸ் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ துண்டித்திருக்கலாம். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும் முன்பே ஸ்கேனர் போட்டு எந்தச் சக்கரம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சென்சார் மாற்றினாலே போதும்; விலை உயர்ந்த ஏபிஎஸ் யூனிட்டை மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள்.