மேடும் பள்ளமுமாய் இங்கிலாந்து... சைக்கிளில் எந்தப் பாதை உங்களுக்கு நல்லது?

மகனோ மகளோ இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார்கள். கோடையில் போய் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வருகிற பெற்றோர் இன்று நம் குடும்பங்களில் ஏராளம். அங்கே போன பத்தாம் நாள், “அப்பா, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கிராமப்புறம் போகலாம், வாங்க!” என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள். உடனே எனக்கு ஒரு போன் வரும். “டாக்டர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேனே, போகலாமா?”

தாராளமாகப் போகலாம். சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால் முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் அங்கே வெளிச்சம் இருக்கும். ஆனால் போவது எந்தப் பாதையில் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

சின்னக் குன்றுதானே என்று நினைக்காதீர்கள்!

லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றின் மிக உயர்ந்த இடமே 267 மீட்டர்தான். தேன் நிறக் கல்வீடுகளுக்குப் பெயர் பெற்ற காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் அதிகபட்ச உயரம் சுமார் 330 மீட்டர். “ப்பூ, இவ்வளவுதானா!” என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். அந்த ஊர்ப் பாதை ஒரே ஒரு மலையை ஏறி முடிப்பதில்லை. ஒரு குன்றில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி அடுத்த குன்றில் ஏறும். 30 கி.மீ. பயணத்தில் அறுபது அறுபது மீட்டராகப் பத்து மேடு வந்தால் மொத்தம் 600 மீட்டர். ஒரு மாடி மூன்று மீட்டர் என்று வைத்தால், 200 மாடி ஏறியதற்குச் சமம்! ஆகவே குன்றின் உயரத்தைக் கேட்காதீர்கள். “மொத்தம் எத்தனை மீட்டர் ஏறணும்?” என்று கேளுங்கள். இன்றைய செல்போன் வரைபடங்களே இதைக் காட்டிவிடும்.

“ஏறின அளவுக்கு இறக்கமும் வருமே, அதில் ஓய்வு கிடைக்காதா?” என்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கி.மீ. மேட்டில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறினால் பத்து நிமிஷம். அதே ஒரு கி.மீ. இறக்கத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் இரண்டே நிமிஷம். தூரம் சரிபாதிதான். ஆனால் பன்னிரண்டு நிமிஷத்தில் பத்து நிமிஷம் உங்கள் இதயம் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஏறும்போது செலவழித்த சக்தியில் பெரும்பகுதி இறங்கும்போது காற்றிலும் பிரேக்கிலும் வீணாகிவிடுகிறது.

வாயுப் பிடிப்பு என்று ஒதுக்காதீர்கள்

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓரளவு அடைபட்டிருந்தால்கூட, வீட்டில் நடமாடும்போது ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போது, அதுவும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும்போது, காட்டிக்கொடுத்துவிடும். நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம். அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவும். சைக்கிளை நிறுத்திச் சிறிது நேரம் நின்றால் குறைந்துவிடும்.

என்னிடம் மூட்டுவலிக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், வயது 61. பிரிஸ்டலில் மகள் வீட்டுக்குப் போனவர், கிராமச் சாலையில் மூன்றாவது மேட்டில் இந்த இறுக்கத்தை உணர்ந்திருக்கிறார். “வெறும் வாயு” என்று பையிலிருந்த ஓமத்தை எடுத்து மென்றாராம்! நல்ல வேளை, மகள் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தக்குழாயில் அடைப்பு. சிகிச்சை முடிந்து இன்று நன்றாக இருக்கிறார்.

நான் சித்த வைத்தியன்தான். ஓமத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் மேட்டில் வருகிற நெஞ்சிறுக்கத்துக்கு ஓமமோ லேகியமோ மருந்தல்ல. நின்றதும் போய்விட்டாலும் அன்றே பயணத்தை முடித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். நின்றும் குறையவில்லை, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் உடனே 999-க்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

ரயில் போன பாதையில் சைக்கிள்

அப்படியானால் வயதானவர்களுக்கு எந்தப் பாதை? ரயில் போன பாதை!

இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தான மேட்டில் வழுக்கும். அதனால் அந்தக் காலப் பொறியாளர்கள் குன்றை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, பாலமும் சுரங்கமும் கட்டி, ஏற்றம் தெரியாதபடி பாதை போட்டார்கள். 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து பல கிளைப்பாதைகள் மூடப்பட்டன. தண்டவாளம் போய்விட்டது, சமமான பாதை மிஞ்சியது. இப்படி மூடிய பாதைகள் பல இன்று சைக்கிளுக்கும் நடைக்கும் பயன்படுகின்றன.

பிரிஸ்டலிலிருந்து பாத் நகருக்குப் போகும் பாதை சுமார் 21 கி.மீ. 1979-லிருந்து 1986-க்குள் அமைக்கப்பட்டது. பீக் டிஸ்டிரிக்டில் ஆஷ்போர்னிலிருந்து பார்ஸ்லி ஹே வரை போகும் டிஸ்ஸிங்டன் டிரெயிலும் ஏறக்குறைய 21 கி.மீ.தான். இதில் ஆஷ்போர்னில் கிளம்புவது நல்லது. போகும்போது மெல்ல ஏறும். களைத்துத் திரும்பும்போது இறக்கம்! அதே வட்டாரத்தில் மான்சல் டிரெயில் சுமார் 13.5 கி.மீ.; அதன் பழைய ரயில் சுரங்கங்கள் 2011-ல் திறந்துவிடப்பட்டன. கார்ன்வாலில் பாட்ஸ்டோவிலிருந்து வேட்பிரிட்ஜ் வரை, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கேமல் டிரெயில் பகுதி சுமார் 9 கி.மீ. பேரப்பிள்ளைகளோடு போக மிக அருமையான இடம். எதிலுமே கார் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அம்புக்குறியைப் பாருங்கள்

சாலைப் பாதைக்கு ஆசைப்படுகிறவர்கள் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தைப் பார்க்கப் பழகுங்கள். சாலையின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் 14 முதல் 20 சதவீதச் சரிவு. அதாவது 100 மீட்டர் போவதற்குள் 14 முதல் 20 மீட்டர் உயரம். இரட்டை அம்பு என்றால் அதைவிடக் கடுமை. அம்பு காட்டுவது இறங்கும் திசையை. நீங்கள் எதிர்த்திசையில் வந்தால் அது ஏற்றம். ஐம்பது தாண்டியவர்கள் முதல் மாதம் அம்பு உள்ள சாலைப் பக்கமே போக வேண்டாம்.

பெயரைக் கேட்டும் பயப்படாதீர்கள். 2012 ஒலிம்பிக் சாலைப் பந்தயம் நடந்த சர்ரே மாவட்டத்து பாக்ஸ் ஹில், சுமார் 2.5 கி.மீ. நீளம், சராசரிச் சரிவு 5 சதவீதம்தான். பெயரே தெரியாத கிராமத்துச் சந்து அதைவிட மூன்று மடங்கு செங்குத்தாக இருக்கும்!

கவனிக்க வேண்டியவை

* சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. தாழ்வான சீட்தான் முழங்கால் வலிக்கு முதல் காரணம்.

* மேடு தொடங்கும் முன்பே இலேசான கியருக்கு மாறிவிடுங்கள். அழுத்தி மிதிக்காமல் வேகமாகச் சுற்றுங்கள்.

* பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு திக்கினால் இறங்கித் தள்ளுங்கள்.

* மேட்டு உச்சியில் வியர்வையோடு நிற்பீர்கள். இறங்கும்போது குளிர்காற்று அடிக்கும். வாத உடம்புக்கு குளிர்காற்று ஆகாது என்கிறது எங்கள் வைத்தியம். உச்சியிலேயே மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்காலையும் மூடிக்கொண்டு இறங்குங்கள்.

* இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் வாழைப்பழமும் சர்க்கரையும் பையில் வைத்திருங்கள். சுகர் அன்று இரவுகூடத் தாழலாம். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை அளவை நீங்களாகவே மாற்றவும் வேண்டாம்.

* அங்கேயும் நம் ஊர் போல இடதுபக்கப் போக்குவரத்துதான். ஆனால் குறுகிய சந்துகளில் இருபுறமும் உயர்ந்த வேலிச்செடி, எதிரே வரும் டிராக்டரை மறைத்துவிடும். வளைவில் வேகம் வேண்டாம். ஹெல்மெட் அணியுங்கள்.

* மின்சார சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் கூச்சப்படாதீர்கள். நீங்கள் மிதித்தால்தான் மோட்டார் உதவும்; அதனால் உடற்பயிற்சியும் உண்டு.

முதல் இரண்டு வாரம் ரயில் பாதையில் 8, 10 கி.மீ. பிறகு அதே பாதையில் 20 கி.மீ. உடம்பு ஒத்துக்கொண்டால் மூன்றாம் வாரம் இரண்டே இரண்டு மேடு உள்ள சாலை. பிரஷர், சுகர், இதய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விமானம் ஏறும் முன்பே டாக்டரிடம், “நான் மேட்டில் சைக்கிள் ஓட்டப் போகிறேன்” என்று தெளிவாகச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் முன்னால் போனால் போகட்டும். “நீங்க மேல போய் நில்லுங்க, நான் தள்ளிக்கிட்டே வரேன்” என்று சொல்லுகிற தைரியம் இருந்தால், எழுபதிலும் அந்தக் குன்றுகளைப் பார்க்கலாம்.