கடவுள் யார் கட்சி?

"இது கடவுளின் செயல்" என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது, அற்புதங்களையே குறிப்பிடுகிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. பைபிளின் முதற் புத்தகத்தில் யோசேப்பின் கதை வருகிறது. பொறாமை கொண்ட சகோதரர்கள் அவனை விற்றுவிடுகிறார்கள். பின்னர் எகிப்தில் அதிகாரியாக உயர்ந்த அவனே பஞ்ச காலத்தில் அவர்களுக்குத் தானியம் அளிக்கிறான். அங்கே கடல் பிளக்கவில்லை. சகோதரர்கள் செய்தது பாவமே; ஆயினும் அதன் ஊடேயும் கடவுள் தம் காரியத்தை நடத்தினார் என்பதே கிறிஸ்தவர்கள் கொள்ளும் பொருள்.

இந்த நம்பிக்கையில் ஓர் அபாயமும் உண்டு. வலுத்தவன் எவனும் கடவுளைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா? அமெரிக்காவில் அதுதான் நேர்ந்தது. 1860-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகள் இருந்தனர். தென் பகுதிப் பாதிரிமார் பலர் பைபிளைக் காட்டி அடிமை முறையை ஆதரித்தார்கள். வடக்கே பலர் அதே பைபிளைக் காட்டிக் கண்டித்தார்கள். 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது.

ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் எந்தத் திருச்சபையிலும் அங்கத்தினராகச் சேராதவர். ஆயினும் இவ்விஷயத்தை அவரைப் போல் ஆழ்ந்து சிந்தித்த மதாசாரியர்கள் அன்று சிலரே. யுத்தத்தின் நடுவே, தமக்கென்று ஒரு குறிப்பு எழுதி வைத்தார். இரு தரப்பாரும் தெய்வ சித்தப்படி நடப்பதாகச் சொல்கிறார்கள். இருவரும் தவறியிருக்கலாம், ஒருவராவது தவறியே இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

1865 மார்ச் 4-ஆம் தேதி, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சமயம், அவர் இரண்டாம் முறை பதவி ஏற்றார். அன்று அவர் ஜயபேரிகை கொட்டவில்லை. அடிமை முறையைத் தெற்கின் பாவமாக மட்டும் கூறாமல், தேசம் முழுவதன் பாவமாகவே கூறினார்; இரு பகுதியாருக்கும் கடவுள் விதித்த தண்டனையாக யுத்தம் இருக்கலாம் என்றார். யாரிடத்தும் பகைமை வேண்டாம் என்று முடித்தார். வென்று நிற்கும் ஒரு தலைவர் தம் கட்சிக்காரரிடம் இப்படிப் பேசுவது எளிதா? தங்கள் நோக்கம் வேறு, கடவுளின் நோக்கம் வேறு என்று காட்டினால் மனிதர்களுக்கு ருசிப்பதில்லை என்று சில நாட்களுக்குப் பின் அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அடிமையாகப் பிறந்த பிரெடரிக் டக்ளஸோ, அதைப் புனிதமான முயற்சி என்று அவரிடம் நேரில் சொன்னார்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளிக்கிழமையன்று லிங்கன் சுடப்பட்டார், மறுநாட்காலை இறந்தார். அடுத்து வந்த ஞாயிறு ஈஸ்டர் பண்டிகை. எதிரிகளிடம் அவர் மிதமிஞ்சி இரக்கம் காட்டிவிடுவார் என்றே கடவுள் அவரை எடுத்துக்கொண்டார் என்று, வட பகுதிப் பாதிரிமாரில் சிலர் காரணம் கற்பித்துப் பிரசங்கம் செய்தார்கள்.